ஐந்து கை மாறிய குழந்தை

முதல் வகுப்பு தொடங்கி ஆறாவது வாரம், மகளின் நோட்டுக்குள் ஒரு சீட்டு வந்தது. “நன்றாக வாசிக்கிறாள். வரிசையில் நிற்கும்போது மற்றவர்களைத் தள்ளுகிறாள். அடுத்தவர் கையில் இருப்பதைப் பிடுங்குகிறாள். ஒருநாள் நேரில் வந்து பார்க்கவும்.” முதல் வாக்கியத்தை மட்டும் கணவரிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். மீதியைச் சீட்டோடு மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். நான்கு வயதிலேயே எழுத்துக் கூட்டி வாசித்தவள் அவள். அப்படிப்பட்ட குழந்தை தள்ளுகிறாள் என்றால் அந்த வகுப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

ஆசிரியை என்னைவிட வயதில் இளையவர். குற்றப் பத்திரிகை வாசிப்பார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவரோ ஒரு கேள்வி கேட்டார். “பள்ளிக்கு வருவதற்கு முன்னால் பகலில் இவளை யார் பார்த்துக்கொண்டார்கள்?” எனக்குச் சுருக்கென்றது. வேலைக்குப் போகிற அம்மாவிடம்தானே இதையெல்லாம் கேட்பார்கள் என்ற கோபம். இருந்தாலும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். என் அம்மா. வீட்டுக்கு வந்த ஆயா. முதல் காப்பகம். இரண்டாவது காப்பகம். மூன்றாவது காப்பகம். ஒரு கையின் விரல்கள் தீர்ந்துபோயின. ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். நான் மட்டும் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை ஒருமுறைகூட நான் அப்படி எண்ணிப் பார்த்ததில்லை.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் இருந்தது. எல்லாமே நியாயமான காரணங்கள்தான் என்று இன்றைக்கும் சொல்வேன், கடைசி ஒன்றைத் தவிர. அவளுக்கு ஏழு மாதமாகும்போது நான் அலுவலகம் திரும்பினேன். அம்மா வந்து தங்கினார். நான்கு மாதத்தில் அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லாமல் போக, அம்மா ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு ஓர் ஆயா. பொறுமையான பெண்மணி. ஐந்து மாதத்தில் அவருடைய மகளுக்குப் பிரசவம், போனவர் வரவில்லை. மகளுக்கு ஒன்றேகால் வயதைத் தாண்டியபோது முதல் காப்பகம். அது இருந்த கட்டடம் கைமாறி, காப்பகத்தை மூடிவிட்டார்கள். இரண்டாவது காப்பகம் நன்றாகவே இருந்தது. அங்கிருந்து அவளை எடுத்தது நான்தான். மூன்றாவது இடத்தில் மூன்று வயதுக்குள் எழுத்தும் எண்ணும் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நன்றாக வேர் பிடித்துக்கொண்டிருந்த செடியைப் பிடுங்கி வேறு தொட்டியில் வைத்தேன், தொட்டி அழகாக இருந்ததால்.

அந்த மூன்றாவது இடத்துக்குப் போன முதல் நாள் அவள் அழவே இல்லை. கதவைத் திறந்த பெண் யார் என்றுகூடப் பார்க்காமல் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. “எவ்வளவு சமர்த்து!” என்றார் அந்தப் பெண். நானும் மகிழ்ந்தேன், அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். இரண்டேமுக்கால் வயதுக் குழந்தை முன்பின் தெரியாத ஆளோடு திரும்பிப் பார்க்காமல் போகிறதே, இது ஏன் என்று எனக்குத் தோன்றவில்லை. பழகிவிட்டாள் என்று நினைத்தேன். இவரும் போய்விடுவார் என்பதற்குத்தான் அவள் பழகியிருந்தாளோ என்னவோ. இது என் ஊகம்தான். அந்த வயதுக் குழந்தையின் மனதுக்குள் நுழைந்து பார்த்தவர் யார்?

ஆசிரியையின் அனுமதியோடு ஒருநாள் காலை வகுப்பின் பின்வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். வண்ணப் பென்சில் டப்பா மேசையைச் சுற்றி வந்தது. மற்ற குழந்தைகள் டப்பா தங்களிடம் வரும்வரை காத்திருந்தார்கள். சிலர் “எனக்குச் சிவப்பு” என்று சொல்லிவைத்தார்கள். என் மகள் டப்பா இரண்டு பேர் தள்ளி இருக்கும்போதே எழுந்து, மேசைமேல் வயிற்றை அழுத்திக் கையை நீட்டிச் சிவப்பை எடுத்துக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை. குறும்பும் இல்லை. பஸ்ஸில் இடம் பிடிக்கிற பெரியவர்களின் முகத்தில் இருக்குமே, அந்தக் காரிய முகம்தான் இருந்தது. பக்கத்துப் பையன் அழத் தொடங்கியதும் அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள்.

அந்த முகம்தான் எனக்குப் புரியவைத்தது. மூன்றாவது காப்பகத்தில் அவள் இருந்த அறையில் பன்னிரண்டு குழந்தைகள், ஒரு பெண். அந்தப் பெண் கெட்டவர் அல்ல. இரண்டு கைதானே அவருக்கு? அப்படி ஓர் அறையில் கேட்டால் கிடைக்காது, எட்டி எடுத்தால் கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், இரண்டு ஆண்டுக்கும் மேல் என் மகள் படித்த முதல் பாடம் அது. எழுத்தைவிட அதைத்தான் நன்றாகக் கற்றிருந்தாள். நாங்கள் பணம் கட்டியதோ எழுத்துக்கு.

அன்றிரவிலிருந்து தேடித் தேடிப் படித்தேன். முதலில் கண்ணில் பட்டது அமெரிக்காவின் தேசியக் குழந்தைகள் நல, மனித வளர்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வு. 1991இல் பிறந்த 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பத்து இடங்களில் சேர்த்து, பதினைந்து வயதுவரை தொடர்ந்தார்கள். 2007இல் அதிலிருந்து வெளிவந்த முடிவு என் வயிற்றைக் கலக்கியது: சிறுவயதில் காப்பகத்தில் கழித்த காலம் கூடக் கூட, ஆறாம் வகுப்புவரை ஆசிரியர்கள் சொன்ன நடத்தைக் குறைகளும் சற்றுக் கூடியிருந்தன. இரவு ஒரு மணிக்கு இதைப் படித்தால் எந்தத் தாய்க்குத் தூக்கம் வரும்? இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் மீதியையும் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும். அந்தக் கூடுதல் மிகச் சிறியது. பெரும்பாலான குழந்தைகளின் நடத்தை இயல்பான வரம்புக்குள்ளேயே இருந்தது. தரமான பராமரிப்பில் இருந்தவர்களின் சொல்வளம் ஐந்தாம் வகுப்பில்கூட மேலாக இருந்தது. எல்லாவற்றையும்விட, வீட்டில் பெற்றோர் குழந்தையிடம் நடந்துகொள்ளும் விதம் காப்பகத்தைவிட வலுவாகப் பிற்காலத்தோடு பொருந்தியது. வேலைக்குப் போவதா வேண்டாமா என்று குடும்பக் கூட்டங்களில் இந்த ஆய்வின் பேரைச் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள் இந்தக் கடைசி வரிவரை வருவதில்லை.

அதே ஆய்வின் தரவுகளை வைத்து 2009இல் வெளிவந்த இன்னொரு கட்டுரையைத்தான் நான் என் பெயர் எழுதிய கடிதம்போலப் படித்தேன். ஒரே காலத்தில் ஒரு குழந்தைக்குப் பராமரிப்பு ஏற்பாடுகளின் எண்ணிக்கை கூடும்போது, குறிப்பாக இரண்டு மூன்று வயதில், நடத்தைச் சிக்கல்களும் கூடுவதாக அது சொன்னது. என் மகளுக்கு ஐந்து ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதற்கு நடுவில் மாலையில் மாமியார் ஒருநாள், கீழ்வீட்டுப் பெண் ஒருநாள் என்று ஒட்டுப்போட்ட நாட்களை நான் விரலில் எண்ணவே இல்லை. வீடா காப்பகமா என்று ஊரே வாதிடுகிறது. எத்தனை கை மாறியது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டது ஓர் ஆசிரியை மட்டும்தான், அதற்கும் அவர்மேல் கோபித்துக்கொண்டேன்.

மகனின் கதை வேறு. அவன் பிறந்தபோது எங்களுக்குக் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. அதைவிட முக்கியம், அதிர்ஷ்டம் இருந்தது. அடுத்த வாசலில் ஓர் அக்கா குடிவந்தார். தன் பிள்ளைகள் வளர்ந்து வெளியே போய்விட்ட வீட்டில் பகலெல்லாம் தனியாக இருந்தார். பத்து மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை மகன் அவரிடமே இருந்தான். அவனுக்கு அவர் பெரியம்மா. அக்கா அதிகம் படித்தவர் இல்லை. குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு வரிகூடப் படித்திருக்க மாட்டார். ஆனால் வாய் ஓயாது. ஒருநாள் சீக்கிரமாக அழைத்துப் போக வந்தவள், கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். “இது யாருடைய சட்டை?” மகன் ஏதோ மழலையில் சொன்னான். “பெரியப்பா சட்டையா? பொத்தான் எங்கே காணோம்?” இவன் எதையோ காட்டியிருக்க வேண்டும். “அட, இங்கே உருண்டுவிட்டதா! நீ கண்டுபிடித்துவிட்டாயே!” பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவன் அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்தான், அக்கா காத்துக்கொண்டிருந்தார். அந்தக் காத்திருப்பை நான் மூன்று காப்பகங்களிலும் கேட்டதில்லை. வளர்ச்சி பற்றி எழுதுகிறவர்கள் இதைப் பந்து வீசி வாங்கும் விளையாட்டாகச் சொல்கிறார்கள்: குழந்தை வீசுகிறது, பெரியவர் திருப்பி வீசுகிறார். மொழியும் கவனமும் பொறுமையும் இந்தப் போக்குவரத்தில்தான் உருவாகின்றன என்பது அவர்கள் வாதம். அக்காவிடம் இதைச் சொன்னபோது, “குழந்தையிடம் பேசாமல் சுவரிடமா பேசுவது?” என்று சிரித்தார்.

மகன் முதல் வகுப்பில் யாரையும் தள்ளவில்லை. தன் முறை வரும் என்று நிஜமாகவே நம்பிக் காத்திருந்தான். ஆனால் அவன் கதை மட்டும் சுகமானது என்று எண்ணிவிட வேண்டாம். பள்ளி தொடங்கி மூன்று வாரம் வாசலில் என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான். கூட்டத்தில் வாய் திறக்க மாட்டான். தண்ணீர் குடிக்கப் போகவேண்டும் என்று ஆசிரியையிடம் கேட்கத் தெரியாமல் மதியம்வரை தாகத்தோடு இருந்திருக்கிறான். முப்பது குழந்தைகள் இருக்கும் அறையை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. நான்கு வயதில் அரைநாள் மழலையர் வகுப்புக்கு அனுப்பியிருந்தால் இவ்வளவு சிரமப்பட்டிருக்க மாட்டான். இங்கிலாந்தில் 1997இல் தொடங்கி ஏறத்தாழ 3,000 குழந்தைகளைத் தொடர்ந்த ஓர் ஆய்வில், முன்பள்ளிக்குப் போன குழந்தைகள் போகாதவர்களைவிடப் பள்ளிக்கு நன்றாகத் தயாராகியிருந்தார்கள். அதே சமயம் முழுநாள் போனவர்களுக்கு அரைநாள் போனவர்களைவிடக் கூடுதல் பலன் எதுவும் தென்படவில்லை. இதை மகனுக்கு ஐந்து வயது முடிந்த பிறகுதான் படித்தேன். என் வாழ்க்கையில் பாதி ஞானம் இப்படித்தான், வண்டி போனபிறகு டிக்கெட் கிடைப்பதுபோல.

இரண்டு குழந்தைகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். மகள் பிறந்ததிலிருந்தே வேகமானவள்; மகன் தொட்டிலிலேயே நிதானி. அவளை அக்காவிடம் விட்டிருந்தாலும் வரிசையில் ஒரு காலை முன்னே வைத்துத்தான் நின்றிருப்பாள். ஆனால் தள்ளியிருப்பாளா?

வாசிப்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்காகத்தான் நான் இரண்டாவது காப்பகத்தைக் கைவிட்டேன். முதல் வகுப்பில் மகள் எல்லோரையும்விட முன்னால் இருந்தாள். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் மற்றவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். நான்கு வயதில் தொடங்கியவளுக்கும் ஆறு வயதில் தொடங்கிய தம்பிக்கும் எட்டு வயதில் வாசிப்பில் வித்தியாசம் தெரியவில்லை. தள்ளுவதும் பிடுங்குவதும் மட்டும் அதே வேகத்தில் கரையவில்லை. இது எங்கள் வீட்டு விசித்திரம் என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் 1962இல் மிச்சிகனில் தொடங்கிய பெர்ரி முன்பள்ளித் திட்டத்தைப் பற்றிப் படித்தபோது திகைத்தேன். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் நல்ல முன்பள்ளி கொடுத்தார்கள். ஆசிரியர்கள் ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கும் போனார்கள். அறிவுத்திறன் தேர்வில் கிடைத்த முன்னிலை சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. ஆனால் நாற்பது வயதில் பார்த்தபோது அந்தப் பிரிவினர் அதிகம் சம்பாதித்தார்கள், குறைவாகக் கைது செய்யப்பட்டிருந்தார்கள். மதிப்பெண் கரைந்தது, பழக்கம் நின்றது. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் இந்தத் தரவுகளை அலசி, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது போன்ற குணங்கள் வழியாகவே பெரும்பலன் வந்தது என்று வாதிட்டார். 

எல்லா முன்பள்ளியும் பெர்ரி ஆகிவிடாது. டென்னஸி மாநிலத்தின் இலவச முன்பள்ளித் திட்டத்தில் இடம் குறைவாக இருந்ததால் குலுக்கல் முறையில் குழந்தைகளைச் சேர்த்தார்கள். இடம் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களுமாக ஏறத்தாழ 3,000 பேரைப் பின்தொடர்ந்து, 2022இல் முடிவு வெளியிட்டார்கள். ஆறாம் வகுப்பில், இடம் கிடைத்தவர்களின் மதிப்பெண் கிடைக்காதவர்களுடையதைவிடக் குறைவு. ஒழுங்கு நடவடிக்கைகள் அதிகம். கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளுக்கு ஐந்து டாலருக்குக் காப்பகம் என்று கொண்டுவந்தபோது இடங்கள் வேகமாகப் பெருகின. சிறு குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாகப் பொருளாதார அறிஞர்கள் 2008இல் எழுதினார்கள். இவற்றை அடுக்கிப் படித்தபோது எனக்குப் பட்டது ஒன்றுதான். “காப்பகம் நல்லதா கெட்டதா” என்பது “மருந்து நல்லதா கெட்டதா” என்பதுபோன்ற கேள்வி. எந்த மருந்து, எந்த வயதில், எவ்வளவு?

இப்போது காப்பகம் தேடுகிற தோழிகள் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் சொல்வதில் முதல் விஷயம், காலை பத்து மணிக்குப் போகாதீர்கள் என்பதுதான். பத்து மணிக்கு எல்லாக் காப்பகமும் அழகு. குழந்தைகள் தூங்கி எழுந்து, பெரியவர்கள் களைத்துப்போயிருக்கும் நான்கு மணிக்குப் போங்கள். சுவரில் ஒட்டிய படங்களைப் பார்க்காமல், அழுகிற ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து அதையே கவனியுங்கள். எவ்வளவு நேரத்தில் ஒருவர் அதனிடம் வருகிறார்? வந்தவர் நின்றபடி “அழாதே” என்கிறாரா, குழந்தையின் உயரத்துக்குக் குனிகிறாரா? எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், நீங்களே எண்ணுங்கள். நான் மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில், தரத்துக்கான அளவுகோலாக ஒன்றேகால் வயதுவரை மூன்று குழந்தைக்கு ஒருவர், இரண்டு வயதில் நான்கு பேருக்கு ஒருவர், மூன்று வயதில் ஏழு பேருக்கு ஒருவர் என்று வைத்திருந்தார்கள். நிஜத்தில் இது அரிது. ஆனாலும் பன்னிரண்டுக்கு ஒருவர் என்பதைப் பார்த்தால் கால் தானாகத் திரும்ப வேண்டும். என் கால் திரும்பவில்லை.

இரண்டாவது, எழுத்துப் பயிற்சி உண்டா என்று கேட்பதற்குப் பதிலாக, “இங்கே வேலை பார்ப்பவர்கள் எவ்வளவு காலமாக இருக்கிறார்கள்?” என்று கேளுங்கள். முகம் சுளித்தால் அதுவே பதில். என் மகளின் இரண்டாவது காப்பகத்தில் மூன்று பெண்களும் ஏழெட்டு ஆண்டாக அங்கேயே இருந்தார்கள். மூன்றாவது இடத்தில் இரண்டு ஆண்டில் அவளுடைய அறைக்கு நான்கு பேர் மாறிவிட்டார்கள். அப்படியானால் ஐந்து கை என்று நான் சொல்லும் கணக்கும் சரியில்லை.

காப்பகம் தரும் அன்றாடக் குறிப்பும் ஒன்று சொல்லும். எங்களுக்கு வந்த குறிப்பேட்டில் தினமும் “சாப்பிட்டாள், தூங்கினாள், சமர்த்தாக இருந்தாள்” என்றுதான் இருந்தது. அக்கா எதையும் எழுதித் தந்ததில்லை. “இன்றைக்கு எறும்பின் பின்னாலேயே அரை மணி நேரம் போனான், கூட்டத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் வந்தான்” என்று வாசலில் சொல்வார். ஒருவர் உங்கள் குழந்தையைப் பார்த்தாரா, காவல் காத்தாரா என்பது இந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிடும்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்ற நிலை எல்லோருக்கும் வரும். அப்போது இரண்டு வாரமாவது பழைய ஆளும் புதிய ஆளும் சேர்ந்து இருக்கும்படி பாருங்கள். ஒரு மணி நேரம், பிறகு அரைநாள், பிறகு முழுநாள். வீடு மாறுவது, தம்பி பிறப்பது, காப்பகம் மாறுவது எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் கூட்டிவைக்காதீர்கள். குழந்தை விளையாடும்போது நைசாக நழுவிப் போகாதீர்கள். நான் போயிருக்கிறேன். அழுகையைத் தவிர்த்துவிட்டேன் என்று நினைத்தேன். அதன் பிறகு ஒரு மாதம் நான் குளியலறைக்குப் போனால்கூட அவள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டுப் போனால் அழுவாள், உண்மைதான். ஆனால் அந்த அழுகைக்கு ஒரு முடிவு உண்டு.

மாலையைப் பற்றி ஒரு வார்த்தை. “அங்கே தங்கம், இங்கே வந்தால்தான் பிசாசு” என்று காப்பகக் குழந்தைகளின் பெற்றோர் எல்லோரும் சொல்வோம். மனஅழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் என்ற சுரப்பு, வழக்கமாகக் காலையில் உயர்ந்து மாலைக்குள் இறங்கும். முழுநாள் காப்பகத்தில் இருக்கும் சின்னக் குழந்தைகள் பலரிடம் அது பிற்பகலில் ஏறுவதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. பன்னிரண்டு பேர் நடுவில் ஒன்பது மணி நேரம் தன்னைத் தூக்கிப்பிடித்துக்கொண்டிருந்த குழந்தை, வீட்டு வாசலில் அதைக் கீழே போடுகிறது. நான் அப்போது சமையலறைக்குள் ஓடிக்கொண்டிருப்பேன். அந்த முதல் இருபது நிமிடம் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தால் மீதி மாலை தானாகச் சரியாகியிருக்கும் என்பதை மகனிடம்தான் கற்றுக்கொண்டேன். அது மகளுக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது.

மகளைப் பள்ளியில் எப்படித் திருத்தினீர்கள் என்று கேட்பார்கள். திருத்தவில்லை. முதலில் காது பரிசோதனை செய்தோம், ஆசிரியை கேட்டுக்கொண்டார். கேட்கும் திறனில் குறை இருந்தாலும் குழந்தைகள் முரடாகத் தெரிவார்களாம். அதில் ஒன்றும் இல்லை. தூக்கத்தை ஒரு மணி நேரம் முன்னே கொண்டுவந்தோம். பிறகு ஆசிரியை ஒரு காரியம் செய்தார். வகுப்பு நோட்டுகளை எல்லோருக்கும் கொடுக்கும் வேலையை அவளிடம் ஒப்படைத்தார். ஒரு நிபந்தனை, தன் நோட்டைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். முதல் வாரம் அவள் தன் நோட்டை முதலில் எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டுதான் மற்றவர்களுக்குக் கொடுத்தாளாம். ஆசிரியை பார்த்தும் பார்க்காததுபோல விட்டார். மூன்றாவது வாரம் நோட்டு சட்டைக்குள் போகவில்லை. தன்னுடையது எங்கும் போய்விடாது என்று அவளே கண்டுபிடித்திருந்தாள்.

வீட்டில் நாங்கள் செய்தது, சொன்ன சொல்லைக் காப்பாற்றியதுதான். “ஐந்து நிமிடம்” என்றால் ஐந்து நிமிடம். ஒரு மணல் கடிகாரம் வாங்கி வைத்தோம், மணல் தீர்ந்ததும் எந்த வேலையிலிருந்தாலும் எழுந்தேன். தொலைபேசியில் அதிகாரி பேசிக்கொண்டிருந்தபோதுகூட ஒருமுறை. கேட்டால் கிடைக்கும் என்பதை அவள் நம்ப வேண்டுமே, அதற்கு அறிவுரை உதவாது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பிடித்தது. நடுவில் பலமுறை பழைய நிலைக்குத் திரும்பினாள், முக்கியமாக ஆசிரியை விடுப்பில் போய் வேறொருவர் வந்த நாட்களில். அந்த ஆசிரியை இதைக் கவனித்து, விடுப்பு எடுப்பதற்கு முந்தைய நாள் அவளிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போகத் தொடங்கினார். என்றைக்குத் திரும்பி வருவார் என்பதையும் சேர்த்து.

இப்போது மகளுக்குப் பதினான்கு. வேகம் குறையவில்லை, பள்ளியில் விளையாட்டு அணியில் இருக்கிறாள், அங்கே அது நல்ல குணமாகப் பேசப்படுகிறது. போன மாதம் என் தங்கை தன் குழந்தைக்குக் காப்பகம் பார்க்கக் கிளம்பினாள். நானும் போனேன், மகளும் ஒட்டிக்கொண்டாள். நான்கு மணிக்குத்தான் போனோம். நிர்வாகி அலுவலக அறையில் எங்களுக்கு அட்டவணைகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது மகளைக் காணவில்லை. ஐந்து நிமிடம் கழித்து வந்து என் காதருகே, “பதினொரு பேர். ஒரு ஆன்ட்டி. ஒரு பையன் ரொம்ப நேரமாக ஷூவைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நிற்கிறான்” என்றாள்.

“நீ என்ன செய்தாய்?”

“மாட்டிவிட்டேன். அவன் இன்னொரு காலையும் நீட்டினான். அது ஏற்கெனவே போட்டிருந்தது.”

தங்கை அட்டவணையை மூடினாள். அடுத்த இடத்துக்குப் போனபோது மணி ஐந்தாகியிருந்தது.